நிறுவல் தானியக்கம்: ஷெல் ஸ்கிரிப்டா, ஆன்சிபிளா?

ராயபுரத்தில் உள்ள எங்கள் சிறு அலுவலகம், கன்டெய்னர் யார்டுகளுக்கான கேட் பதிவு, பில்லிங் மென்பொருளை எழுதித் தருகிறது. ஒரே மென்பொருள் இரண்டு வகை இடங்களில் ஏற வேண்டும்: ஒன்று அலுவலகச் சோதனை சர்வர், மற்றவை மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கத்து யார்டுகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் சர்வர்கள்.

அலுவலகத்துக்குள் ஷெல் ஸ்கிரிப்டும் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) அதை அழைக்க ஒரு மேக்ஃபைலும் (‘மேக்’ கருவிக்கான பணிப்பட்டியல்) போதும். பல சர்வர்களை ஓரிடத்திலிருந்தே அமைக்கும் கருவியான ஆன்சிபிளையும் உள்கணினியிலேயே ஓட்டலாம் என்றாலும், ஒரே சர்வருக்கு அது அடுத்த தெருவுக்கு லாரி பிடிப்பது போலத்தான்.

வெளியிடங்களுக்கு நாங்கள் ஆன்சிபிளைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் காரணம் வேகமோ வசதியோ அல்ல, வேலை பாதியில் அறுந்தால் மறுபடி அச்சமின்றி ஓட்ட முடியுமா என்ற ஒரே கேள்விதான். யார்டு இணைப்பு நினைத்தபோது போகும். கான்ஃபிக் கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும் ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால், அதே வரி இரண்டு முறை உட்கார்ந்துகொள்ளும்; ஏற்கெனவே உருவான ஃபோல்டரை மீண்டும் உருவாக்கப் போய் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடவும் கூடும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நிபந்தனை வைத்து இதைத் தடுக்கலாம். ஆனால் அப்படி வளர்ந்த ஸ்கிரிப்டில் வேலையைவிடச் சரிபார்ப்பே அதிகமாகி, எழுதியவரைத் தவிர வேறெவரும் கை வைக்கத் தயங்குவார்கள். ஆன்சிபிளுக்கான வேலைக் கோப்பாகிய பிளேபுக்கிலோ, என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பதிலாகச் சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். மறுபடி ஓட்டும்போது முன்பே முடிந்தவை பச்சையில் 'ஓகே' என்று கடந்துபோக, மாறியவை மட்டும் மஞ்சளில் தெரிகின்றன. இந்தப் பாதுகாப்பு ஆன்சிபிளின் ஆயத்த மாட்யூல்களுக்கே (ஒவ்வொரு வகை வேலைக்குமான சிறு நிரல்கள்) உரியது. ஷெல் கட்டளையை அப்படியே பிளேபுக்கில் செருகினால் பழைய தொல்லை திரும்பிவிடும். டேட்டாபேஸ் மாற்றங்களுக்கும் தனிக் கவனம் தேவை.

பராமரிப்பில் இன்னொரு செலவும் உண்டு. ஆன்சிபிளுக்கு இலக்குச் சர்வரில் ஏஜென்ட் (எப்போதும் ஓடும் துணை நிரல்) எதுவும் வேண்டாம், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) போதும் என்பார்கள். ஆனால் அங்கே பைத்தான் மொழி வேண்டும். ஆன்சிபிள்-கோர் 2.17 பதிப்பு, இலக்கில் 3.7-க்குக் குறைவான பைத்தானை ஏற்பதில்லை; அதனால் பைத்தான் 2.7 உடன் வரும் சென்ட்ஓஎஸ் 7 (ஒரு லினக்ஸ் வகை) போன்ற பழைய சர்வர்களுக்கு 2.16-ஐ விடாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மாற்றுக் கருவிகளில், ஃபேப்ரிக் உள்கணினியிலும் வெளிச் சர்வரிலும் கட்டளைகளை ஓட்டும், ஆனால் நிலையைத் தானாகப் பார்த்துக்கொள்ளாது. கேப்பிஸ்ட்ரானோ என்ற நிறுவல் கருவி ஒவ்வொரு வெளியீட்டையும் தனி ஃபோல்டரில் வைப்பதால் முந்தைய வெளியீட்டுக்குத் திரும்புவது எளிது. அந்த முறையை மட்டும் எங்கள் பிளேபுக்குக்குள் எடுத்துக்கொண்டோம்.

மொபைல் டேட்டா ரவுட்டரில் ஓடும் யார்டுகளை வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக எட்ட முடிவதில்லை. அங்கே ஆன்சிபிள்-புல் கைகொடுக்கிறது: சர்வரே கிட் (git) என்ற கோப்புக் களஞ்சியத்திலிருந்து பிளேபுக்கை இழுத்துத் தன்மேல் ஓட்டிக்கொள்ளும், ஆனால் அதன் விளைவு நம் திரைக்கு வராததால் லாக்கை அனுப்பும் ஏற்பாட்டைத் தனியாகச் செய்ய வேண்டும். ஆன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான சால்ட்டில், யார்டு சர்வரில் ஓடும் மினியன் என்ற நிரலே மாஸ்டர் என்ற மையச் சர்வரின் 4505, 4506 போர்ட்டுகளைத் தேடி வருவதால் இந்தச் சிக்கலே எழாது. அதை நான் சோதனையளவில்தான் ஓட்டியிருக்கிறேன்; இப்படிப்பட்ட யார்டுகளே பெரும்பாலானவை என்றிருந்தால் முதலில் அதைத்தான் பரிசீலித்திருப்பேன்.