அச்சு மோசம், சர்க்கரைக்காகப் படிக்கலாம்

அலாஸ்காவில் இருக்கும், வட அமெரிக்காவின் மிக உயரமான மலையான டெனாலியில் ஏறிய கதை, மலையேற்றப் புத்தகம் என்று நினைத்துத்தான் ஹட்சன் ஸ்டக் எழுதிய 'தி அசென்ட் ஆஃப் டெனாலி' மறுபதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். பார்சலைப் பிரித்ததுமே எரிச்சல். 1914-ல் வந்த மூலத்தை ஸ்கேன் எடுத்து அப்படியே அடித்திருக்கிறார்கள். படங்களில் கரி பூசின மாதிரி, எது பனி எது ஆள் என்றே தெரியவில்லை. அட்டையில் இருப்பது ஏதோ ஒரு மலை, டெனாலி இல்லை.

சரி, காசு கொடுத்தாயிற்று என்று படிக்க ஆரம்பித்தால், இது பாதிக்குப் பாதி அலாஸ்கா மிஷன் கதை. ஸ்டக், அமெரிக்காவின் எபிஸ்கோபல் கிறிஸ்தவ சபையில் ஆர்ச்டீக்கன், அதாவது மூத்த பாதிரியார். 1904-ல் அங்கே போய், நாய் வண்டியிலும் படகிலுமாக அதபாஸ்கன் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களைச் சுற்றியவர். 1913 ஜூன் 7 அன்று அவர் குழு உச்சியைத் தொட்டபோது முதலில் கால் வைத்தது அவரல்ல, வால்டர் ஹார்ப்பர், தாய்வழியில் கோயுகோன் அதபாஸ்கன் இளைஞர். ஆர்ச்டீக்கனைக் கடைசி சில அடிகள் இழுத்துத்தான் ஏற்றினார்கள், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

எனக்கு மனதில் நின்றது வேறு இடம். ஏறும் வழியில், மல்ட்ரோ பனியாற்றில் ஒரு தீக்குச்சியால் கூடாரத் துணி, சர்க்கரை, பால் பவுடர், ஃபிலிம் எல்லாம் எரிந்துபோகின்றன. அதற்கப்புறம் வாரக்கணக்கில் இனிப்பே இல்லாமல் ஏறி இறங்கி அடிவாரத்துக்கு வந்தால், அங்கே நாய்களோடு 31 நாள் தனியாகக் காத்திருந்த மிஷன் பள்ளிப் பையன் ஜானி, வேட்டையாடித் தானும் தின்று நாய்களுக்கும் போட்டு, தன் பங்குச் சர்க்கரையைத் தொடாமல் இவர்களுக்காக எடுத்து வைத்திருக்கிறான்! இந்த ஜானிதான் பின்னாளில் ஜான் ஃப்ரெட்சன். அலாஸ்காவின் வெனிட்டி ஊர்ப் பூர்வகுடி மக்களின் நிலத்துக்காகப் போராடினார், 1943-ல் அது ரிசர்வேஷன், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் ஆனது.

முன்னுரையிலேயே, மலைக்கு வெளியார் வைத்த மெக்கின்லி என்ற பேரை எடுத்துவிட்டு பூர்வகுடி மக்கள் சொல்லும் 'டெனாலி'யைத் திருப்பிக் கொடுங்கள் என்று மன்றாடுகிறார் ஸ்டக். நியாயமான கோபம். ஆனால் மலைக்குப் பழைய பேர் கேட்கிறவரின் புத்தகத்தில் ஜானியும், கூடப் போன இன்னொரு மிஷன் பள்ளிப் பையன் எசாயஸும் அந்த மிஷன் பேர்களில் மட்டுமே வருகிறார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் நமக்குக் கிடைப்பதில்லை, எல்லாமே பாதிரியார் சொல்லித்தான்.

புத்தகத்துக்கு நாலு நட்சத்திரம், இந்தப் பதிப்புக்கு ஒன்று. பழைய புத்தகங்களைத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். நான் பாதியில் ரிட்டர்ன் போட்டுவிட்டு, சர்க்கரை வரும் பக்கத்தைப் போனில்தான் படித்தேன்.