காதர்பேட்டை ரிவ்யூ: 5000 ரூபாக்குள்ள ஸ்டைலா டிரஸ் பண்ண என்னென்ன எடுக்கலாம், எத தொடவே கூடாது

திருப்பூர் காதர்பேட்டை பனியன் மார்க்கெட் பத்தி வர்ற வீடியோ எல்லாத்துலயும் 50 ரூபாக்கு டி-சர்ட், 100 ரூபாக்கு பிராண்டட்னு சத்தம்தான் இருக்கும், அங்க போய் எத எடுக்கணும் எத விடணும்னு ஒருத்தரும் உருப்படியா சொல்றதில்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். என் தீர்ப்ப மொதல்லயே சொல்லிடறேன், சம்பளம் கம்மி, ஆனா ஆபீஸ்க்கும் வெளிய போறதுக்கும் நீட்டா இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு எனக்கு தெரிஞ்சு தமிழ்நாட்டுல இதுக்கு நிகரான இடம் இல்ல. ஆனா என்ன வேணும்னு முடிவு பண்ணாம போனீங்கன்னா ரெண்டு பை நெறைய துணியோட வருவீங்க, திங்கக்கிழமை காலைல போட ஒண்ணும் இருக்காது.

நான் கோயமுத்தூர்ல இருந்து போறவன், ட்ரெயின் ஏறினா ஒரு மணி நேரம் கூட ஆகாது, திருப்பூர் ஸ்டேஷன்ல எறங்கினா காதர்பேட்டை நடக்கற தூரந்தான். பைக்ல வர்றவங்க வண்டிய வேற எங்கயாச்சும் விட்டுட்டு நடந்து வாங்க, உள்ள சந்துக்குள்ள நிறுத்த எடம் கெடைக்காது. பெரிய மால் மாதிரி எல்லாம் எதிர்பாக்காதீங்க, சின்ன சின்ன கடைங்க, ஒவ்வொண்ணுலயும் கூரை வரைக்கும் பண்டல் பண்டலா அடுக்கி வச்சிருப்பாங்க, ஏசி கெடையாது, ட்ரையல் ரூம் பெரும்பாலும் கெடையாது, எடுத்துட்டுப் போன பீஸ மாத்தி தர்றதும் அபூர்வம். பாதி கடைங்க ஹோல்சேல், அரை டஜனுக்கு கொறஞ்சா தரமாட்டோம்பாங்க, ஆனா சில்லறைக்கு தர்ற கடைங்களும் நெறைய இருக்கு. ஜிபே எல்லா கடையிலயும் ஓடுது.

இங்க துணி ஏன் இவ்வளவு மலிவுன்னு புரிஞ்சிகிட்டா வாங்கறது ஈசி. எக்ஸ்போர்ட் கம்பெனிங்க ஒரு ஆர்டர் எடுத்தா சரியா அந்த எண்ணிக்கைக்கே வெட்ட மாட்டாங்க, செக்கிங்ல கொஞ்சம் பீஸ் கழியும்னு தெரிஞ்சு கூடுதலாத்தான் வெட்டி தைப்பாங்க. அப்படி மிஞ்சறதுதான் சர்ப்ளஸ். ஷிப்மெண்ட் லேட் ஆகி பையர் ஆர்டர கேன்சல் பண்ணாலும் மொத்த ஸ்டாக்கும் இங்க வந்து விழும். இன்னொண்ணு செகண்ட்ஸ், அதுல சின்ன ஓட்டை, எண்ணெய் கறை, கலர்ல ஷேட் வித்தியாசம், பிரிண்ட் கோணல்னு ஏதாச்சும் ஒரு குறை இருக்கும். மூணாவது வகை இருக்கே அதுதான் ஜாஸ்தி, லோக்கல்லயே தைச்சு வெளிநாட்டு பேர ஒட்டி சர்ப்ளஸ்னு விக்கறது. லோக்கல் தையல்னா மட்டம்னு நான் சொல்ல வரல, நல்லா தைக்கறவங்களும் இருக்காங்க, ஆனா லேபிளுக்காக அம்பது ரூபா சேத்து குடுக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஒரு கடைல நான் லேபிள பாத்துட்டு நின்னப்ப அந்த கடைக்காரர், அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், "லேபிள உடுங்க தம்பி, உள்ள திருப்பி பாருங்க"ன்னு சொல்லிட்டு அவரே ஒரு டி-சர்ட்ட தலகீழா திருப்பி காட்டினாரு. பின்கழுத்து தையல மறைச்சு ஒரு பட்டை டேப் போட்டிருந்தது, தோள்பட்டை தையல்லயும் இழுபடாம இருக்க மெல்லிசா ஒரு டேப், துணி ஓரம் பிரியாம போடற ஓவர்லாக் தையல்ல பிசிறு ஒண்ணு கூட இல்ல. பக்கத்துலயே இன்னொரு பீஸ எடுத்து திருப்பினாரு, அதுல டேப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, நூலு தொங்கிட்டு இருந்தது. ரெண்டுக்கும் விலை வித்தியாசம் முப்பது ரூபாதான், ரெண்டாவது பீஸ் ஆறு மாசத்துல கழுத்து தொங்கி பனியன் மாதிரி ஆயிடும்னாரு. "சரிங்கண்ணா"ன்னு மொத பீஸையே எடுத்துகிட்டேன். அன்னைக்கு அவரு காட்டினததான் இன்னைக்கும் எல்லா கடையிலயும் மொதல்ல பாக்கறேன்.

துணிய பாக்கறதுல எனக்கு ரொம்ப உதவறது ரெண்டு மூணு விஷயம். மொதல்ல ஜிஎஸ்எம் கேளுங்க, ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கிற கணக்கு அது, அங்க எல்லாருக்கும் தெரியும், நீங்க கேட்டாலே இவருக்கு வெவரம் தெரியும்னு பேச்சே மாறும். நம்ம ஊர் வெயிலுக்கு 180 சரியா இருக்கும், தோள் எறங்கி லூசா வர்ற ஓவர்சைஸ் டி-சர்ட்டுக்கு 220, 240 இருந்தாதான் நிமிர்ந்து நிக்கும், 150க்கு கீழ வெள்ளை கலர் எடுத்தா உள்ள போட்டிருக்கிற பனியன் தெரியும். அப்புறம் டி-சர்ட்ட ரெண்டு தோள்பட்டையிலயும் புடிச்சு தொங்க விட்டு பாருங்க, பக்கவாட்டு தையல் நேரா கீழ எறங்கணும், இப்பவே லேசா முன்பக்கம் வந்திருந்தா துவைக்க துவைக்க இன்னும் திரும்பி வயித்துக்கு நடுவுல வந்து நிக்கும், இது நூலோட முறுக்குனால வர்ற கோளாறு, அயர்ன் பண்ணி சரி பண்ண முடியாது. கழுத்த சுத்தி வர்ற ரிப் பட்டைய ரெண்டு விரலால இழுத்து விடுங்க, டக்குனு பழையபடி சுருங்கி நின்னா எடுக்கலாம், அலையலையா நின்னா வெச்சிருங்க. பயோவாஷ் பண்ணதான்னும் கேளுங்க, துணி மேல இருக்கிற பஞ்சு இழைய என்சைம் போட்டு எடுத்துடுவாங்க, அதனால உருண்டை உருண்டையா புடிக்கறது கொறையும்.

இதெல்லாம் தெரிஞ்சாலும் ஸ்டைல்ங்கிறது கலர்லயும் அளவுலயும்தான் இருக்கு, இத நான் அடிச்சு சொல்வேன். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பெரிய ஷோரூம்லதான் வாங்குவான், ஒரு சட்டை என் மொத்த பர்ச்சேஸ்ல பாதி விலை இருக்கும், ஆனா தோள்பட்டை ரெண்டு விரக்கடை கீழ எறங்கி நிக்கும், பாக்கறவங்க கண்ணுக்கு கடன் வாங்கின சட்டைதான். நான் மொதல்லயே அஞ்சு கலர்ல நின்னுட்டேன், நேவி, கறுப்பு, ஆஃப் வைட், ஆலிவ், கூட ஒரே ஒரு அரக்கு. என் பேண்ட் ரெண்டும் காக்கியும் நேவியும், மேல எத எடுத்து போட்டாலும் ரெண்டுல ஒண்ணுக்காவது கண்ண மூடிட்டு ஒத்துப்போகும். பேரட் க்ரீன் எவ்வளவு நல்லா இருந்தாலும், எவ்வளவு மலிவா குடுத்தாலும் கைய வைக்கறதில்ல, ஏன்னா அதுக்கு ஜோடியா இன்னொண்ணு வாங்கணும், அங்கதான் பட்ஜெட் ஓட்டையாகுது. நெஞ்சு நெறைய எழுத்து, பெரிய கம்பெனி பேரு இருக்கிறதும் வேண்டாம், ப்ளைன்னா எடுத்தா என்ன விலைன்னு யாராலயும் கண்டுபுடிக்க முடியாது.

ட்ரையல் ரூம் இல்லாததுக்கு ஒரே வழி, வீட்டுல உங்களுக்கு கச்சிதமா இருக்கிற டி-சர்ட்ட மெத்தை மேல விரிச்சு ஒரு அக்குள்ல இருந்து இன்னொரு அக்குள் வரைக்கும் எத்தன இன்ச், ஒரு தோள்பட்டைல இருந்து இன்னொண்ணு வரைக்கும் எத்தன, உயரம் எத்தனன்னு போன்ல குறிச்சு வச்சிகிட்டு ஒரு இன்ச் டேப்போட போங்க. எம், எல்ங்கிற எழுத்த நம்பவே நம்பாதீங்க, ஐரோப்பாவுக்கு தைச்ச பீஸ்ல எம் நம்ம ஊர் எல் மாதிரி இருக்கும், லோக்கல் பீஸ்ல எக்ஸ்எல் கூட இறுக்கும். தோள்பட்டை அளவு மட்டும் சரியா இருந்தா போதும், இடுப்பு புடிக்கறது, உயரம் கொறைக்கறது எல்லாம் தெருமுனை டெய்லரு அம்பது எழுபது ரூபாக்கு பண்ணிக் குடுத்துடுவாரு, தோள்பட்டைய மட்டும் பிரிச்சா சட்டையே போச்சு. ஆல்ட்ரேஷனுக்குன்னு பட்ஜெட்ல முந்நூறு ரூபா தனியா எடுத்து வைங்க, ஸ்டைலுக்கு நான் செலவு பண்ணதுலயே அதிக பலன் குடுத்தது அந்த முந்நூறுதான்.

எனக்கு ஆன செலவ சொல்றேன், விலை சீசனுக்கும் கடைக்கும் தக்க மாறும், இதயே கொண்டு போய் சண்டை போடாதீங்க. ப்ளைன் ரவுண்ட் நெக் மூணு, ஒண்ணு 150 ரூபா. காலர் வச்ச பிக்கே (மேல பொடிசா மேடு பள்ளமா தெரியற பின்னல்) டி-சர்ட் ரெண்டு, ஒண்ணு 230, காலர் நுனி சுருளாம தடிப்பா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஆபீஸ்க்கு நான் அதிகமா போடறது இதுதான். ஓவர்சைஸ் ஒண்ணு 220. லூப்நிட் (உள்பக்கம் குட்டி குட்டி வளையமா இருக்கிற பின்னல் துணி) ஜாகர் ஒண்ணு 250, அதான் என் வீக்கெண்ட் யூனிஃபார்ம். காட்டன் பேண்ட் ரெண்டும் 900க்கு முடிஞ்சுது, கூட உள்ளாடை, சாக்ஸ் ஒரு முந்நூறு. லெக்கின்ஸ், நைட் பேண்ட் எல்லாம் என் அக்கா இங்கதான் எடுக்கும். கோடு கோடா இழுபடற நல்ல ரிப் துணில கறுப்பு டி-சர்ட் ஒண்ணு எடுத்து அத ப்ளவுஸுக்கு பதிலா போட்டு மேல செட்டிநாடு காட்டன் சேலை கட்டிட்டு ஒரு ஃபங்ஷனுக்கு வந்துது, அங்க வந்தவங்க எல்லாம் எந்த டிசைனர்னு கேட்டாங்க.

காதர்பேட்டைல பலவீனம்னா ஃபார்மல் சட்டைதான், இது பின்னலாடை ஊரு, நெய்த துணிக்கு ஈரோடு பக்கம்தான் போகணும். அங்க கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும் நடக்கும், கேரளா, கர்நாடகால இருந்தெல்லாம் வியாபாரிங்க வருவாங்க, ஒரே அளவுள்ள ஃப்ரெண்டுங்க ரெண்டு மூணு பேரா சேந்து போனா ஹோல்சேல் விலைக்கு சட்டை பிரிச்சுக்கலாம், எனக்கு 350 ரூபா கணக்குல ரெண்டு வந்துது.

அப்புறம் ஒரே ஒரு கைத்தறி சட்டை கோ-ஆப்டெக்ஸ்ல எடுங்க, தீபாவளி சமயம் 30 சதவீதம் தள்ளுபடி குடுப்பாங்க, அதுக்காக காத்திருந்து எடுத்தேன், 800 ரூபாக்குள்ள வந்துது. 1935ல நெசவாளர்களுக்காக ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கம் அது, குடுக்கற காசு கடைசில ஒரு தறிக்காரர் வீட்டுக்கு போகுதுங்கிறது எனக்கு ரொம்ப முக்கியம். முழுக்கைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டு காக்கி பேண்டோட போட்டா இன்டர்வியூக்கும் போகலாம், கல்யாணத்துக்கும் போகலாம். ட்ரெயின் டிக்கெட், ஆல்ட்ரேஷன் எல்லாம் சேத்தும் 5000 தாண்டல.

இன்னொண்ணையும் சொல்லணும். 50 ரூபா டி-சர்ட்டுன்னு பத்து பதினஞ்சு அள்ளிட்டு போறவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும். நொய்யல் ஆறு சாயக்கழிவுல நாசமானது நம்ம எல்லாருக்கும் தெரியும், 2011ல ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடவே சொல்லிச்சு, ஒரு சொட்டு கழிவு கூட வெளிய விடக்கூடாதுங்கிற நெலமைக்கு வந்தப்புறம்தான் திரும்ப தெறந்தாங்க. ஒவ்வொரு டி-சர்ட்டுலயும் அவ்வளவு தண்ணி, அத்தன பேர் ஓவர்டைம் உழைப்பு இருக்கு, அத ரெண்டு மாசம் போட்டுட்டு வண்டி தொடைக்க போடறதுக்கு மனசு வரக்கூடாது. கம்மியா எடுத்து ரொம்ப நாளைக்கு போடுங்க. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி துவைங்க, அடர் கலர மொத ரெண்டு தடவ தனியா அலசுங்க, நிழல்ல காய வைங்க, பின்னலாடைய ஹேங்கர்ல மாட்டாதீங்க, மடிச்சு வைங்க, இல்லன்னா தோள்பட்டைல கூம்பு மாதிரி மேடு விழுந்துடும்.

குறைன்னு பாத்தா, பில் கேட்டா மொகத்த சுளிக்கற கடை இருக்கு, பேக்க பிரிச்சு காட்டவே மாட்டேன்னு ஒரு கடைல சொன்னாங்க, நான் வாங்காம வந்துட்டேன், நீங்களும் வந்துருங்க, பிரிச்சு பாக்காம ஒரு பீஸ் கூட எடுக்காதீங்க. வயசானவங்கள கூட்டிட்டு போறது கஷ்டம், உக்கார எடமில்ல. குறை எல்லாம் கழிச்சும் 5க்கு 4 தாராளமா குடுப்பேன்.

போற நேரம் முக்கியம். திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க வாரச்சம்பளம் சனிக்கிழமை போடும், அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடைவீதில கால் வைக்க முடியாது, காலைல பத்து பத்தரைக்கே உள்ள நொழஞ்சுடுங்க, கடைக்காரங்களும் அப்பதான் பொறுமையா பிரிச்சு காட்டுவாங்க. தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரம் அந்த பக்கமே போக வேண்டாம். ஈரோட்டுல சில்லறைக்கே நல்ல காட்டன் சட்டை தர்ற கடை யாருக்காச்சும் தெரிஞ்சா கீழ சொல்லுங்க, அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் போகணும்னு இருக்கேன்.