சிவனொளிபாதமலை: நல்லதண்ணி வழியா, இரத்தினபுரி வழியா?

இலங்கையின் யாத்திரை மலையான சிவனொளிபாதமலையில் முதல்முறை ஏறுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நல்லதண்ணிதான். ஹட்டனுக்கு ரயிலில் வந்து, மஸ்கெலியா வழியாகப் பஸ் பிடித்தால் அடிவாரம். அங்கிருந்து படிகள்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரையான பருவத்தில் வழிநெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பினாலும் தனியாக நடக்கிறோம் என்ற பயம் வராது. ஆனால் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளிலும் வார இறுதியிலும் உச்சிக்குக் கிட்டே வரிசை நகராமல் நின்றுவிடும், அங்கே நிற்கும்போதே சூரியன் உதித்துவிடலாம்.

இரத்தினபுரிப் பக்கம், அதாவது பலாபத்தலை வழி, வேறு ரகம். தாழ்வான இடத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றமும் அதிகம், தூரமும் அதிகம். ஈரக்காடு, வழுக்கும் கல், அப்புறம் அட்டை. காலுறைக்குள் எப்போது நுழைந்தது என்றே தெரியாது, ரத்தம் கசிந்த பிறகுதான் கவனிப்போம், அதனால் சவர்க்காரத்தைக் கணுக்கால்வரை பூசிக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு, காடு அவ்வளவு அழகு.

என்னைக் கேட்டால் நல்லதண்ணியில் ஏறி இரத்தினபுரியில் இறங்குவது பிடிக்கும், முழங்கால் பலமாக இருந்தால் மட்டும். எந்த வழியில் வந்தாலும் 2,243 மீட்டர் உச்சியில் விடியற்காலைக் குளிர் நடுக்கும், ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள். சூரியன் வந்ததும் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள், மலையின் முக்கோண நிழல் அந்தப் பக்கம்தான் விழும்.