நானோ வெள்ளி ஃபில்டர் ஃபுளோரைடை எடுக்காது: ஏமாந்துவிடாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். நாங்கள் 14,500 ரூபாயை இழந்துவிட்டோம்.

எங்கள் வீடு பென்னாகரம் அருகே வயற்காட்டில் இருக்கிறது. மகளுக்குப் புதிதாக முளைத்த பற்களில் பழுப்புக் கறை. ஃபில்டர் விற்க வந்தவர் முதலில் பார்த்ததே அதைத்தான். "ஃபுளோரைடு அம்மா, எங்கள் நானோ வெள்ளி முழுவதையும் உறிஞ்சிவிடும்" என்றார். ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஒரு பொருள்; அளவு மீறினால் முளைக்கும் பற்களில் இப்படிக் கறை விழும். நானோ வெள்ளி என்பது மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். சென்னை ஐஐடியின் நானோ ஆராய்ச்சி பற்றிய செய்தித்தாள் நறுக்கையும் நீட்டினார். ஆராய்ச்சி மெய்தான். ஆனால் அது இரும்பு சேர்ந்த நானோ பொருளால் ஆர்செனிக் என்ற வேறொரு நஞ்சை நீக்கும் முறை. அதைப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் எங்கள் தண்ணீர். மற்றதில் அவர் பையிலிருந்து எடுத்த பாட்டில் தண்ணீர். மின்சாரம் பாயும் இரும்புக் கம்பிகளை இரண்டிலும் முக்கினார். இரண்டே நிமிடத்தில் எங்கள் தம்ளரில் பச்சையும் கறுப்புமாகச் சேறு திரண்டு நுரை கட்டியது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்றார். மாமியார் கண்கலங்கிவிட்டார். உடனே பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சேறு கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். உப்பு நீக்கிய நீரில் அவ்வளவாகப் பாயாது. வேதியியல் ஆசிரியையான என் அண்ணி, கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பேட்டரியையும் இரண்டு ஆணிகளையும் வைத்து அதே சேற்றை வரவழைத்துக் காட்டினார்.

அவர் சொல்லித்தான் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தோம். வடிகட்டும் முன் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் ஃபுளோரைடு, வடிகட்டிய பின் 2.7. இந்தியத் தர அளவு 1. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. நானோ வெள்ளி கிருமிகளைக் கொல்லும், அவ்வளவுதான். கரைந்திருக்கும் ஃபுளோரைடைப் பிடிக்க ஆக்டிவேட்டட் அலுமினா என்ற உறிஞ்சும் துகள்களோ ஆர்.ஓ. முறையோ வேண்டும். கொதிக்கவைத்தாலும் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும்.

ஃபில்டர் விற்றவர்களிடம் போனில் கேட்டபோது, "நானோ மெல்லத்தான் வேலை செய்யும், மூன்று மாதம் பொறுங்கள்" என்றார்கள். இப்போது போனை எடுப்பதே இல்லை. பணத்தை விட என்னை வாட்டுவது வேறு: ஐந்து மாதம் நம்பி அந்தத் தண்ணீரையே மகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

யாராவது வந்தால் உங்கள் தண்ணீரையே அவர் ஃபில்டரில் ஊற்றச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் பிடித்த இரண்டு பாட்டில்களையும் ஆய்வகத்தில் நீங்களே கொடுங்கள். ரசீதில் 'ஃபுளோரைடு நீக்கும்' என்று எழுதித் தரவும் கேளுங்கள். எங்கள் ரசீதில் அந்தச் சொல்லே இல்லை.