சுகோதய் புத்தர், சியாங் சேன் புத்தர்: முகத்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

தாய்லாந்தின் பழைய வெண்கலப் புத்தரைக் கண்டதும் எல்லோரும் முகத்தில்தான் சொக்கி நிற்பார்கள். நான் காலில் தொடங்குவேன். வலது கால் இடது காலின் மேல் சும்மா படிந்து, ஓர் உள்ளங்கால் மட்டும் தெரிந்தால் அநேகமாகச் சுகோதய் என்ற பழைய தாய் அரசின் பாணி. இரண்டு கால்களும் பின்னி, இரு உள்ளங்கால்களும் வானம் பார்த்தால் வடக்கே இருந்த லான் நா அரசின் சியாங் சேன் பாணி, அதிலும் 'சிங்க' வகை.

அடுத்து இடது தோளில் தொங்கும் துணி மடிப்பு. சியாங் சேனில் அது குட்டை, மார்புக் காம்புக்கு மேலேயே நின்றுவிடும். சுகோதயில் தொப்புள் வரை வழிந்து, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தாய்க்காரர்கள் அதைப் பூரான் பல் என்கிறார்கள்!

அப்புறம்தான் தலை. சுகோதயில் முட்டை வடிவ முகம், கிளிமூக்கு, வில் புருவம் அப்படியே மூக்குத்தண்டில் இறங்கும். பொடிச் சுருள்முடி, உச்சியில் தீச்சுடர். சுடர் இலங்கை வழி வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பார்த்தவர்களுக்கு அது பழகிய உருவம்தான். சியாங் சேனுக்கு உருண்டை முகம், பெரிய சுருள்கள், உச்சியில் தாமரை மொட்டு, விம்மிய மார்பு, கீழே இதழ் விரித்த தாமரைப் பீடம். சுகோதய் பீடம் பெரும்பாலும் வெறுமையானது.

நடுத்தாய்லாந்தின் உத்தோங் பாணி வேறு ரகம்: கெமர் (கம்போடிய) வாசனை வீசும் சதுர முகம், நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் மெல்லிய பட்டை, கண்டிப்பான வாத்தியார் பார்வை. பழைய தலைநகரான அயுத்தயாவின் வாட் ராட்சபுரணக் கோயில் நிலவறையில் 1957இல் திருடர்கள் புகுந்த பிறகு வெளிவந்த புதையலில் இவ்வகைச் சிலைகள் நிறைய.

அழகில் எது உசத்தி? நடக்கும் புத்தருக்காகச் சுகோதய்க்கே என் ஓட்டு. ஒரு குதிகால் தூக்கி, ஆடை விளிம்பு அசைய, ஒரு கை யானைத் துதிக்கைபோலத் தொங்க, வெண்கலம் அடியெடுத்து வைக்கிறது. உட்கார்ந்த கோலம் என்றால் சியாங் சேன்தான். அந்தக் கனம் சுகோதயில் கிடையாது.

வயதில் ஒரு வம்பு உண்டு. சிங்க வகை சுகோதய்க்கும் மூத்தது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பீடத்தில் தேதி பொறித்த வடக்குச் சிலைகளை ஆராய்ந்த அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஏ. பி. கிரிஸ்வோல்ட், 1957இல் அதை மறுத்து, 15ஆம் நூற்றாண்டுக்கு இறக்கினார். போதாததற்கு, லான் நா சிற்பிகள் பின்னாளில் சுடரையும் நீள மடிப்பையும் சுகோதயிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். குழம்பினால் பீடத்தைச் சுற்றிப் பாருங்கள், எழுத்து ஏதும் வெட்டியிருக்கிறதா என்று.