வன்னிப் பற்றைக்காட்டுக்கு எது சரி: கட்டரா, மல்ச்சரா, கிரப்பிளா?

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாந்தைப் பக்கங்களில் வருடக்கணக்காக ஆள் இல்லாமல் கிடந்த காணிகளில் நாயுண்ணியும் சூரையும் ஈச்சையும் ஆளுயரத்துக்கு மேலே நிற்கின்றன. இடையிடையே கைப்பருமனில் வீரை, பாலை. துப்புரவாக்க வேண்டுமென்றால் நாம் உடனே கூப்பிடுவது ஜேசிபியை. அது வாளியால் வேரோடு கிளறிக் குவிக்கும், காய்ந்ததும் நெருப்பு வைப்போம். அந்தக் குவியலுக்குள் மேல்மண்ணும் போய்விடுகிறது. வன்னிச் செம்மண்ணில் சத்து இருப்பதே மேலே கிடக்கும் அந்த ஒரு சாண் மண்ணில்தான். பொப்கட் மாதிரிச் சிறிய லோடரின் முன்னால் மாட்டும் கட்டர், மல்ச்சர், கிரப்பிள் ஆகிய கருவிகளை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

எந்தக் கருவியானாலும் முதல் வேலை ஒன்று உண்டு. காணி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். விடுவித்த காணியிலும் சந்தேகமான இரும்பு கண்ணில் பட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அறிவியுங்கள். லோடர் கூண்டு மரக்கொப்பிலிருந்துதான் ஓட்டுநரைக் காக்கும், வெடியிலிருந்து காக்காது.

சரி, கருவிகளுக்கு வருவோம். சுழலும் கத்தி பொருத்திய கட்டர் ஏறத்தாழ அரைத் தொன் எடை. சாதாரண லோடரின் ஹைட்ரோலிக்கே (எண்ணெய் அழுத்தத்தால் கருவியை இயக்கும் அமைப்பு) அதற்குப் போதும், நிமிடத்துக்கு 60 முதல் 90 லீற்றர் எண்ணெய் ஓடினால் வேலை நடக்கும். ஏழெட்டு சென்ரிமீற்றர் தடிப்பு வரை வெட்டும், அதற்கு மேலே திணறும். வெட்டியபின் கூரான அடிக்கட்டைகள் நிற்கும். அவற்றை எடுக்காமல் உழவு இயந்திரத்தை இறக்கினால் ரயர் போய்விடும்.

மல்ச்சர் என்பது பற்கள் பதித்த உருளை. பதினைந்து சென்ரிமீற்றர் மரத்தையும் நின்ற நிலையிலேயே தூளாக்கி நிலத்தில் பரப்பிவிடும். எரிக்க வேண்டாம், மண்ணும் அசையாது. பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் எடை ஒரு தொன்னைத் தொடும், எண்ணெய் ஓட்டம் நிமிடத்துக்கு 110 லீற்றருக்கு மேல் வேண்டும். அந்த ஓட்டம் இல்லாத லோடரில் மாட்டினால் உருளை வேகம் பிடிக்காது, எண்ணெய் கொதிக்கும். பெரும்பாலான மல்ச்சர்களில் மோட்டாரிலிருந்து கசியும் எண்ணெய் திரும்பிப் போக மூன்றாவதாக ஒரு சிறிய ஹோஸ் இருக்கும். அதை மாட்ட மறந்தால் மோட்டாரின் சீல் போய்விடும். எங்கள் காணிகளில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பழைய முட்கம்பி பற்றைக்குள் புதைந்து கிடக்கும், அது உருளையில் நூற்கண்டு போலச் சுற்றிக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது. கல்லில் பட்ட பற்களும் உடையும். முதலில் கத்தியோடு ஆள் நடந்து கம்பியைத் தேடி எடுக்கத்தான் வேண்டும்.

கிரப்பிள், அதாவது இரும்பு விரல்களால் கவ்விப் பிடிக்கும் கருவி, எதையும் வெட்டாது. கட்டர் வெட்டியதைக் கூட்டி அள்ளும், சிறிய அடிக்கட்டைகளைக் கிளப்பும். விரல்களுக்கு இடையால் மண் கீழே உதிர்ந்துவிடுவது ஜேசிபி வாளியில் கிடைக்காத நன்மை.

என் தெரிவு, அடுத்து அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. நெல் விதைக்கப்போகும் காணிக்குக் கட்டரும் கிரப்பிளும். மரத்தூள் தடிப்பாகக் கிடக்கும் வயலில் முதல் போகத்தில் தூள் உக்கும்போது மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். மா, தென்னை, மரமுந்திரிகை வைக்கப்போகிறவருக்கு மல்ச்சர்தான், அதே தூள் கோடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளக்கட்டில் கட்டர் மட்டும். அங்கே வேரைப் பிடுங்கினால் வேர் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கும். கட்டின் சரிவில் குறுக்காக ஓட்டவும் கூடாது, லோடர் புரளும். யானை வேலியின் கீழே கொடி தொட்டு மின்சாரம் இறங்கும் இடங்களுக்கும் கட்டர் போதும்.

பனை விஷயத்தில் நிதானம் வேண்டும். பெண்பனை தறிக்க அனுமதி தேவை, வடலி (இளம்பனை) பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆகவே வடலிகளை விட்டுச் சுற்றி வெட்டுங்கள்.

கட்டரும் மல்ச்சரும் துண்டுகளை எறியும் தூரம் பயப்பட வைப்பது. சுற்றிலும் 90 மீற்றருக்குள் ஆளோ மாடோ நிற்கக் கூடாது. ஓட்டுநருக்கு முன் சாதாரண கண்ணாடி போதாது, பொலிகார்பனேற் கதவு வேண்டும். கோடையில் காய்ந்த சருகு எஞ்சின் பெட்டிக்குள் நிரம்பித் தீப்பிடிக்கலாம். ஒரு நாளில் பல தடவை ஊதித் துப்புரவாக்குங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

பலரும் கணக்கில் எடுக்காதது ஏற்றி இறக்குவதைத்தான். ஏ9 வீதியில் லோபெட் (இயந்திரம் ஏற்றும் தாழ்ந்த தட்டு வாகனம்) எங்கும் போகும், உள்ளே கிரவல் பாதையிலும் ஒடுங்கிய மதகிலும் போகாது. ரயர் லோடர் கடைசித் தூரத்தைத் தானே ஓடிவிடும். சங்கிலி லோடர் ரயருக்குப் பதிலாக ரப்பர் பட்டியில் ஓடும், அந்தப் பட்டி கற்பாதையில் தேயும், மாற்றச் செலவு அதிகம். ஆனால் மாரி தொடங்கியபின், அதிலும் முருங்கன் பக்கக் கருமண்ணில், சங்கிலி இல்லாமல் இறங்கவே வேண்டாம். லோடரை லோபெட்டிலும் கருவிகளை உழவு இயந்திரப் பெட்டியிலும் அனுப்புவது பல இடங்களில் மலிவாக முடியும். கட்டரும் கிரப்பிளும் சேர்ந்தாலே ஒரு தொன்னுக்குள் அடங்கிவிடும்.

சாய்பலகையில் ஏறும்போது பாரமான பக்கம் மேலே இருக்க வேண்டும். முன்னால் ஒன்றும் இல்லாவிட்டால் எஞ்சின் இருக்கும் பின்பக்கம் பாரம், பின்னோக்கி ஏறுங்கள். மல்ச்சர் மாட்டியிருந்தால் முன்பக்கம் பாரமாகிவிடும், முன்னோக்கி ஏறுங்கள். ஏறியதும் கருவியைத் தட்டில் பதித்து இறக்கி, லோடரை நான்கு மூலையிலும் சங்கிலியால் கட்டி, கருவியைத் தனியாகவும் கட்டுங்கள்.

திரும்பும்போது கருவியையும் ரயரையும் அந்தக் காணியிலேயே கழுவிவிடுங்கள். பார்த்தீனியம் என்ற களை வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஏற்கெனவே பரவியிருக்கிறது. அதன் விதை ஒட்டிய மண்ணோடு அடுத்த ஊருக்குப் போனால், அங்கேயும் அது முளைத்துப் பரவும்.