மாதச் சந்தாவா, வருடச் சந்தாவா: காலி லைசென்ஸ்தான் கணக்கு

அலுவலகத்தில் 12 பேருக்கும் ஒரு மென்பொருளை வருடச் சந்தாவில் எடுத்தோம். நான்கு மாதம் கழித்து அட்மின் பக்கத்தைத் திறந்தேன். 'கடைசி லாகின்' என்ற இடத்தில் நான்கு பெயர்களுக்கு நேரே பழைய தேதி. இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், இரண்டு பேர் வேறு பிரிவுக்கு மாறியிருந்தார்கள். ஆளைக் கூட்ட பட்டன் இருந்தது. குறைக்க வேண்டுமென்றால் ரின்யூவல் வரை காத்திருக்க வேண்டும். வருடம் முடிந்ததும் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டோம்.

வருடச் சந்தா மலிவு, ஒரே இன்வாய்ஸ், விலையும் பெரும்பாலும் நடுவில் ஏறாது. இதெல்லாம் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது காலியாகக் கிடந்த லைசென்ஸ்தான், அதாவது காசு கட்டியும் யாரும் பயன்படுத்தாத ஒரு ஆளுக்கான இடம். வேர்டு, எக்செல் எல்லாம் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365-க்கு 2022-ல் வந்த விற்பனை விதியைப் பாருங்கள். மாத ஒப்பந்தத்துக்கு 20 சதவீதம் கூடுதல். வருட ஒப்பந்தத்தில் முதல் 7 நாள் தாண்டினால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. அதே 20 சதவீதத்தை எங்கள் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வருட விலையில் ஒருவருக்கு ஒரு மாதம் 1 என்று வைத்தால், 12 பேருக்கு வருடம் 144. மாதச் சந்தாவில் நான்கு மாதம் 12 பேர், அடுத்த எட்டு மாதம் 8 பேர்: மொத்தம் 112. அதோடு 20 சதவீதம் சேர்த்தால் 134.4. விலை கூடின திட்டத்தில்தான் செலவு குறைகிறது! ஆறில் ஒரு பங்கு லைசென்ஸ் சும்மா கிடந்தால் இரண்டும் சமம். அதற்கு மேல் போனால் மாதச் சந்தாவே லாபம்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'வருட ஒப்பந்தம், மாதாமாதம் பில்' என்று ஒன்று உண்டு. பில் மாதாமாதம் வருவதால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தோன்றும். நிறுத்த முடியாது, வருடம் முழுக்கக் கட்டியாக வேண்டும். கையில் ரொக்கம் குறைவாக இருப்பவர்களுக்கு உதவும், அவ்வளவுதான்.

மாதச் சந்தாவில் குறை இல்லாமல் இல்லை. கார்டு காலாவதியாகி ஒருமுறை பணம் போகவில்லை. காலையில் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. இப்போது இரண்டாவது கார்டும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

நான் பார்த்ததெல்லாம் இருபது பேருக்குள் இருக்கும் அலுவலகம். நூற்றுக்கணக்கில் வாங்குபவர்கள் பேரம் பேசி வாங்கும் தள்ளுபடியில் இந்தக் கணக்கு மாறலாம். நாங்களும் மின்னஞ்சலை மட்டும், நிலையாக இருக்கும் ஆறு பேருக்கு, வருடச் சந்தாவிலேயே விட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் மாதச் சந்தா. பில் விழுவதற்கு மூன்று நாள் முன்னால் கணக்குப் பார்ப்பவர் அந்தக் 'கடைசி லாகின்' பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுவிட்டுத்தான் மூடுகிறார்.